மேளக்காரரிடம் மேளத்தைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை மாவட்டக் கலைஞர்களைப் படம் எடுத்து, அவர்களோடு பேசி, ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிடும் தொடரை எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கிறோம். பம்பைக்காரர் ஒருவரின் முகம் பக்கம் முழுக்க வந்திருந்ததைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. இந்தத் தொடர் நிற்காமல் வர வேண்டும், இன்னும் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

கேள்விகள் பெரும்பாலும் வறுமையையே சுற்றி வருகின்றன. வருமானம் போதுமா, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா, அரசு உதவி கிடைத்ததா. கேட்க வேண்டியவைதான், கஷ்டமும் பொய்யில்லை. ஆனால் காலமெல்லாம் வாசித்த ஒருவரிடம் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பேட்டி முடிந்துவிடுகிறது. சபாவில் பாடும் வித்துவானிடம் போனால் குரு யார், பாடாந்தரம் எது, பிடித்த ராகம் என்ன என்றுதானே ஆரம்பிக்கிறோம்? கரகாட்டக்காரரிடமும் தப்புக்காரரிடமும் மட்டும் ஏன் ரேஷன் கார்டில் ஆரம்பிக்க வேண்டும்?

தொழிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கரகச் செம்புக்குள் எவ்வளவு அரிசி போட்டால் தலையில் நிற்கும், ஆட்டத்தின் நடுவில் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேளத்துக்கு எப்படி ஜாடை காட்டுவது, தப்பைத் தீயில் எந்தப் பதத்துக்குக் காய்ச்சினால் அடி கணீரென்று விழும், மழை ஈரத்தில் என்ன செய்வது. நாகசுரக்காரரிடம் தேர் ஓடும்போது வாசிக்கும் தேர் மல்லாரியையும், சுவாமிக்கு நைவேத்தியம் கொண்டுவரும்போது வாசிக்கும் தளிகை மல்லாரியையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சுவாமி புறப்பாட்டில் எந்த வீதி திரும்பியதும் எந்த ராகத்தை எடுப்பார் என்று கேளுங்கள். வாய் திறந்தால் பொழுது போவது தெரியாது.

என் தாய்மாமா தவில்காரர். தவிலுக்கு வலது கை விரல்களில் மாட்டும் கூடு பார்த்திருப்பீர்கள். துணிக் கிழிசலில் பசை தடவித் தடவி, சுற்றிச் சுற்றி, காய வைத்துக் கல் மாதிரி இறுக்குவார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாமா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கூடாக மாட்டி, பலகையில் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் கழற்றி, இன்னொரு சுற்று துணி. அந்த நேரத்தில் அத்தைகூடப் பக்கத்தில் போக மாட்டார்கள். அவர் காலமான பிறகு சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். எத்தனையோ கல்யாணங்களுக்கு வாசித்தவர். வாசித்த வீட்டு ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சம்பந்தியின் தோளுக்குப் பின்னால் அவருடைய முழங்கையும் தவிலின் ஒரு பக்கமும்தான் தெரிந்தன. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம்.

அதனால் படம் எடுப்பவரிடம் ஒரு வேண்டுகோள். வேஷத்தோடு, மேடை விளக்கில் ஒன்று எடுங்கள், சரி. அப்புறம் வீட்டுத் திண்ணையில், சாதாரணச் சட்டையிலோ சேலையிலோ, வாத்தியத்தைச் சரி பண்ணும்போது ஒன்று எடுங்கள். கையை மட்டும் ஒரு படம் எடுத்தாலும் நல்லது. கீழே பெயரும் ஊரும் கட்டாயம் இருக்க வேண்டும். திருவிழாச் செய்திகளில் விருந்தினர் பெயர்கள் வரிசையாக வரும், ஆடியவர்கள் மட்டும் ‘கரகாட்டக் கலைஞர்கள்’ என்று மொத்தமாகப் போய்விடுவார்கள். பெயரோடு வந்த ஒரு துண்டுச் செய்தி இருந்தால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கு மனுப் போடும்போது தைரியமாக எடுத்துக் காட்டலாம்.

நாகசுர, தவில் வித்துவான்களுக்கு பி.எம். சுந்தரம் போன்ற ஒருவர் இருந்தார். ஊர் ஊராகச் செய்தி திரட்டி அவர்களுடைய வரலாற்றை எழுதி வைத்தார். மேலட்டூர் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தைப் பற்றியும் ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நையாண்டி மேளத்துக்கும் பொய்க்கால் குதிரைக்கும் தப்பாட்டத்துக்கும் அப்படி உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் குறைவு. அதற்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டாம். தப்புக்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்தி வைத்த ஊர்கள், அவருக்கு நாற்காலி போட்டுப் பேச்சுக் கேட்டதில்லை. உங்கள் தொடர் அந்த நாற்காலியைப் போடட்டும்.

வாத்தியம் செய்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளம் கூட்டிச் செய்த பாரி நாயனம்தான் இன்று பலரும் வாசிப்பது. நீளம் குறைந்த பழைய திமிரி நாயனத்தில் சுருதி மேலே நிற்கும், சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாது. வாசிக்கிறவர் குறையைச் சொல்ல, செய்கிறவர் காது கொடுத்துக் கேட்டார், வாத்தியம் மாறியது. இன்றைக்கும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத் தேடி வாங்கித்தான் நாயனத்தின் குழலான உலவைக் கடைகிறார்கள். மரம் கிடைக்காத கஷ்டத்தையும், ஒரு நாணல் தட்டையைத் தொட்டதுமே இது வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லும் பக்குவத்தையும் அவர்கள் வாயாலேயே கேட்டுப் போடுங்கள். வாசிக்கிறவரையும் செய்கிறவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு பேச்சு வாங்கினால், அதைவிட நல்ல பேட்டி அமையாது.

அவர்கள் பேச்சை அவர்கள் பேச்சாகவே விடுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி ‘இக்கலையானது’ என்று பேசுவதாக அச்சில் வந்தால் முகம் மறைந்துவிடுகிறது. பெண் கலைஞர்களிடம் பேசப் பெண் நிருபரை அனுப்புங்கள். இராத்திரி ஆட்டம் முடிந்து வேனில் திரும்புவது, மேடைக்குக் கீழிருந்து வரும் பேச்சு, இதையெல்லாம் ஆண்கள் முன்னால் அவர்கள் சொல்ல மாட்டார்கள். அரை நாள் உட்கார்த்தி வைத்தால் அதற்குச் சம்பளம் கொடுங்கள், அது அவர்களுடைய வேலை நேரம். அச்சான பக்கத்தையும் பெரிதாகப் போட்ட படத்தையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பேசியதில் பாதிகூட அச்சில் வராது என்பதால் ஒலிப்பதிவை அழித்துவிடாமல், தமிழ்ப் பல்கலைக்கழகத்திடமோ தென்னகப் பண்பாட்டு மையத்திடமோ கேட்டுப் பாருங்கள். இரண்டுமே தஞ்சாவூரில்தான் இருக்கின்றன.

பங்குனி, சித்திரையில் போனால் அவர்களுக்குத் தலை சொறியவும் நேரம் இருக்காது. கரகம், தப்பு, பொய்க்கால் குதிரைக்காரர்களைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் தோது, ஆட்டம் இல்லாமல் வீட்டில்தான் இருப்பார்கள். நாகசுரம், தவில்காரர்கள் என்றால் கல்யாணம் இல்லாத ஆடி மாதம் போகலாம். குத்தாலம், ஆடுதுறை பக்கம் உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். வீடு வீடாக நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்