மூளை நீர் தேங்கி நிற்பதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளைத் தண்டுவடத் திரவம் குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, அதை மூளைக்கு வாய்த்த மெத்தை என்று சொல்லிவிட்டு நேரே உறக்கத்துக்குத் தாவிவிட்டது. இடையில் விடுபட்டதுதான் சுவையான பகுதி. வளர்ந்த ஒருவரிடம் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மட்டுமே இருக்கும் இத்திரவம், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரப்பதால், தினமும் மூன்று முறைக்கு மேல் புதிதாகிறது. பெரும்பாலும் மூளையின் உள்ளறைகளிலுள்ள இரத்தநாளப் பின்னல்களில் சுரந்து, பக்க அறைகள் இரண்டிலிருந்தும் மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து மிகக் குறுகிய கால்வாய் ஒன்றின் வழியே நான்காம் அறைக்கும் சென்று, பின் வெளிப்பட்டு மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, முடிவில் சிரை இரத்தத்திலும் நிணநீர் நாளங்களிலும் அது கலக்கிறது. அக்கால்வாய் அடைபடும்போதுதான் சில குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்கிறது.

இந்த ஓட்டம் ஆற்றொழுக்கு அன்று. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்பத் திரவம் முன்னும் பின்னும் அசைவதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டுகின்றன, அவ்வகையில் அது கடல் ஓதத்தையே ஒத்தது.

உறக்கத்தில் இத்திரவம் மூளையின் கழிவுகளைக் கழுவுகிறது என்பதைக் கட்டுரையாளர் முடிந்த முடிபாக எழுதியிருக்கிறார். 2013-இல் எலிகளிடம் செய்த ஆய்வு அவ்வாறு கூறியது உண்மையே. ஆனால் 2024-இல் வெளியான மற்றொரு ஆய்வு, அதுவும் எலிகளிடம் செய்யப்பட்டதே, உறக்கத்தில் அவ்வெளியேற்றம் குறைவதாகக் கண்டது. இம்முரண்பாட்டையும் வாசகர்களுக்குத் தெரிவித்திருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்