கூரியரில் அனுப்பச் சொன்ன ரைஃபிள்

அனுப்புநர்:
காபி தோட்ட உரிமையாளர்,
நாகலூர் சாலை, ஏற்காடு,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 10.02.2025

பொருள்: .315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் காலித் தோட்டா வெளியே வராதது, சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) நழுவுவது, பழுது நீக்காமல் அலைக்கழிப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை மெயிலில் எழுதி, போனில் சொல்லி, சேலத்து டீலர் மூலமாகவும் தெரிவித்து ஓய்ந்துபோன பிறகுதான் இந்தப் பதிவுத் தபாலை அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் புது ஆள் போனை எடுக்கிறார், புதுப் புகார் எண் தருகிறார், கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். இனிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பில், லைசென்ஸ், பழைய மெயில்கள் எல்லாவற்றின் நகலும் உறையில் இருக்கின்றன. துப்பாக்கி எண்ணும் அதிலேயே உண்டு. உங்கள் சரக்கின் லட்சணம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் குறையை மட்டும் சொல்கிறேன்.

சுட்டுவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே எடுக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா, பேரலில் அது உட்காரும் சேம்பரிலேயே நின்றுவிடுகிறது. காலித் தோட்டாவை இழுத்தெடுக்க வேண்டிய எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பைப் பிடிக்கிறது, கொஞ்சம் இழுக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. அந்தக் கொக்கியின் நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள், கூர்மையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். பேரல் வாய் வழியாக கிளீனிங் ராடை விட்டுத் தட்டித்தான் காலித் தோட்டாவை வெளியே எடுக்கிறேன். காபிச் செடிக்குள் காட்டுமாடு நிற்கும்போது, ராத்திரி பத்து மணிக்கு, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய உங்கள் இன்ஜினியர் ஒருவரை இங்கே அனுப்புங்கள், பார்ப்போம்.

இதைச் சொன்னால் உங்கள் டெக்னீசியன், “தோட்டாவைத் தப்பா லோட் பண்றீங்க சார்” என்கிறார். இது அடிப்பக்கம் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் தோட்டா. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இது எங்கள் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும். அந்தத் தப்பில் தோட்டா உள்ளே போகாது. என் ரைஃபிளில் வெளியே வரவில்லை. உள்ளே போகாதது வேறு, வெளியே வராதது வேறு என்பதைத் துப்பாக்கிக் கம்பெனிக்கே நான் விளக்க வேண்டியிருக்கிறது.

சரி, குறையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமாக இருக்காது. பேரல் நல்ல பேரல். நூறு கெஜத்தில் வைத்துச் சுட்டால் ஐந்து தோட்டாவும் டபரா வாய் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மஞ்சக்குட்டை பக்கம் இதே மாடல் வாங்கியவரும் அதைத்தான் சொல்கிறார்: “பேரலுக்குக் கொடுத்த காசு வீண் போகலை, மத்ததெல்லாம் இனாமா வந்ததுன்னு நினைச்சுக்கணும்.” அவருடைய ரைஃபிளில் எக்ஸ்ட்ராக்டர் வேலை செய்கிறது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகஸினின் ஸ்பிரிங்தான் தகராறு. அரசுத் தொழிற்சாலையின் பழைய .315 வைத்திருக்கும் பக்கத்து எஸ்டேட்காரர் என்னுடையதை வாங்கி போல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். விலை குறைவு, அதனால் டிரிகர் கனமாக இருக்கும், பாலிஷ் சுமாராக இருக்கும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினோம். எக்ஸ்ட்ராக்டரிலும் சேஃப்டியிலுமா விலையைக் குறைப்பீர்கள்?

சேஃப்டியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால், வார் உரசியே சேஃப்டி நெம்புகோல் முன்னால் போய்ப் பூட்டு திறந்துவிடுகிறது. இதற்கு மேல் நான் என்ன விளக்க? நல்லவேளையாகச் சேம்பரில் தோட்டாவோடு நடக்கிற வழக்கம் எனக்கு இல்லை. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பித்தான் விற்கிறீர்களா?

இப்போது உங்கள் ஹெல்ப்லைன் ஆளுக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன் என்றார். “உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை சார், நீங்களே பேக் பண்ணி கூரியர்ல போட்டுடுங்க” என்றார். ரைஃபிளை! லைசென்ஸ் என் பெயரில் இருக்கிற ஆயுதத்தை டெலிவரி பையன் கையில் கொடுத்தால் லைசென்ஸும் போகும், நானும் கம்பி எண்ண வேண்டியதுதான். அதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, “அது சரி, இதுவரைக்கும் எத்தனை பன்னி அடிச்சீங்க?” என்று கேட்டார். ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று உங்கள் மெஷின் சொல்லி முடித்த போனில் கேட்ட கேள்வி இது. வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்ட விஷயம். காட்டுப்பன்றியைக்கூட வனத்துறையினர்தான் சுடலாம், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று போன மாதம்தான் அரசு ஆணை வந்தது. நான் தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்கியவன். மிருகம் கிட்டே வந்துவிட்டால் சத்தம் போட்டு விரட்டத்தான் இது. ஆனால் உங்கள் அட்டைப்பெட்டியில் இருப்பது கொம்பு வைத்த மான் படம். எந்த நாட்டுக்காக அச்சடித்தீர்களோ தெரியவில்லை.

அந்த ஒரு கேள்விக்காக மட்டுமே உங்கள் கம்பெனி எனக்கு எழுத்தில் மன்னிப்புத் தர வேண்டும். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். கேட்கிற இடத்தில் கேட்பேன்.

சென்னை சர்வீஸ் சென்டருக்குப் போன கதை உங்களுக்கு மெயிலில் வந்திருக்கும். பதில்தான் வரவில்லை. முன்கூட்டியே போனில் கேட்டு, “வாங்க சார், துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற ஆர்மரர் இருப்பார்” என்று சொன்ன பிறகுதான் கிளம்பினேன். போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டு, விடியும் முன்பே 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வண்டியில் ரைஃபிள் இருப்பதால் நானும் டிரைவரும் ஒன்றாக இறங்கி ஒரு டீகூடக் குடிக்க முடியாது, மாறி மாறித்தான் போனோம். அங்கே போனால் ஆர்மரர் லீவு. கவுன்டரில் இருந்த பையன், “வெச்சுட்டுப் போங்க சார்” என்றார். ரசீது கேட்டேன். “ரசீதெல்லாம் தர முடியாது, கஸ்டடி வாங்குறதுக்கு எங்ககிட்ட லைசென்ஸ் இல்லை” என்றார். ரசீது இல்லாமல் துப்பாக்கியை விட்டுவிட்டு வரச் சொல்கிறது ஒரு துப்பாக்கிக் கம்பெனி! வந்த வழியே திரும்பினோம். நள்ளிரவில் வளைவு ஏறும்போது ஒரே மூடுபனி. டிரைவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொழிற்சாலைக்கே கொண்டு வாருங்கள் என்று இப்போது சொல்கிறீர்கள். என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். உங்கள் தொழிற்சாலை வேறு மாநிலத்தில் இருக்கிறது. சேலத்தில் எதைக் கொடுத்தாலும் செய்து தரும் லேத் பட்டறைகள் இருக்கின்றன, ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். இதெல்லாம் தெரிந்தே எங்களை இப்படி விரட்டுகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மூடுபனி என்றதும் ஞாபகம் வருகிறது. ரைஃபிளின் மரக்கட்டை ஊறிப் புடைத்து ஒரு பக்கம் பேரலைத் தொடுகிறது. முன்பெல்லாம் பேப்பர் நுழையும் இடைவெளி இருந்தது. ஏரியில் படகு விட வருகிற டூரிஸ்டுக்கு மூடுபனி அழகு, கட்டைக்கு வார்னிஷ் இரண்டு கோட் கூடுதலாக அடித்திருந்தால் எனக்கும் அழகாக இருந்திருக்கும்.

வாரண்டி முடிந்துவிட்டதாம். நான் வாங்கியது 2023 நவம்பர், முதல் புகார் கொடுத்தது 2024 ஜனவரி. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும் போல நானும் தேர்தல் முடியும்வரை ரைஃபிளை டெபாசிட் செய்துவிட்டேன். ஜூனில் முடிவு வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. உங்கள் ஒரு வருட வாரண்டியில் அந்த மாதங்கள் பூட்டிய அறையில் கழிந்தன, மிச்சம் உங்கள் புகார் எண்களில் கழிந்தது. முதல் புகார் வாரண்டிக்குள் வந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், போதும்.

நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காபி விலை இதுவரை இல்லாத உயரத்தில் இருக்கும் வருடம் இது. பழம் பறிக்க வந்த பெண்கள் காட்டுமாட்டுக்குப் பயந்து மேல் பிளாக்குக்குப் போகவே மாட்டோம் என்றுவிட்டார்கள். பழம் செடியிலேயே காய்ந்து கொட்டியது. பன்றி கிளறிய வாழையும் நாற்றும் தனி. இந்த சீசனே என் கையை விட்டுப் போய்விட்டது. 15 லட்சத்துக்குக் குறையாது. அலைச்சலும் மன உளைச்சலும் அதில் சேரவில்லை.

தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள்: புது எக்ஸ்ட்ராக்டரோடும் சேஃப்டியோடும், உரிய லைசென்ஸ் உள்ள ஆர்மரர் ஒருவரைச் சேலத்து டீலர் கடைக்கு அனுப்புங்கள். அவர் வரும் தேதியை முன்பே எழுத்தில் சொல்லுங்கள், நான் ரைஃபிளைக் கொண்டுவருகிறேன். அது முடியாதென்றால் அதே டீலர் மூலமாக வேறு ரைஃபிள் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நல்ல முறையில் முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போகும், அதன் பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம்கூடக் கிடையாது. இந்த முறை நீங்கள் 20 வளைவுக்குக் கீழே வந்து நிற்க வேண்டியிருக்கும். சேஃப்டி நழுவும் விஷயத்தை லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கும் தனியாக எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதிலைத் தபாலில் அனுப்புங்கள், தோட்டத்தில் சிக்னல் நிற்காது. போன்தான் செய்வோம் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் செய்யுங்கள். பன்றிக் கணக்குக் கேட்டவர் மட்டும் பேச வேண்டாம்.