கேம்பர் ட்ரெய்லருடன் மலையகம் வருவோருக்கும் அதை வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாகன உரிமையாளர்களுக்கும் வாடகைக்கு விடும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நான் 26 ஆண்டுகள் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து கொழும்புக்குத் தேயிலை ஏற்றிய லொறிச் சாரதி. இப்போது நுவரெலியா – கம்பளை வீதியில், இறம்பொடைச் சுரங்கப் பாதையைத் தாண்டிக் கீழே, பாதையோரத்தில் சிறியதொரு வாகனம் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து புதிய டபுள் கெப் வாகனங்கள் இந்த வீதியில் பெருகியிருக்கின்றன. அவற்றில் சில, பின்னால் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் வைத்த கேம்பர் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வருகின்றன. குடும்பத்தோடு வந்து கிரகரி வாவிப் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ இரண்டு நாள் குளிரில் தங்கிவிட்டுப் போவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படி வந்தவர்கள் திரும்பிப் போகும் விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடந்த ஏப்ரல் சீசனில் ஒரு பின்னேரம், மழை விட்டு பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம், அப்படியொரு கெப் என் கடை வாசலில் வந்து நின்றது. நின்றது என்று சொல்வதைவிட, என் வாசலில் கொட்டியிருந்த கல் குவியலில் ஏறி ஓய்ந்தது என்று சொல்வதே சரி. முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் நீலப் புகை வந்துகொண்டிருந்தது. இறங்கிய இளைஞர் கேட்ட முதல் வார்த்தை, "ஐயா, ஒரு வாளி தாங்க, தண்ணி ஊத்தணும்" என்பதுதான். "தம்பி, ஊத்தாதீங்க, சூடு தானா ஆறட்டும்" என்று தடுத்து, அவர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் உள்ளே உட்கார வைத்தேன். பழுக்கக் காய்ந்த பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணும். சில வேளை வெடித்தும் போகும். அவர் சொன்னது இது: லபுக்கலை தாண்டும்வரை பெடல் சரியாக இருந்தது, அதன்பின் மெல்ல மெல்ல இளகி, கடைசி இரண்டு முடக்கில் மிதித்த கால் பலகைவரை போய்விட்டது. தானியங்கிக் கியரின் நெம்பு மேலிருந்து கீழ்வரை, சாதாரண ஓட்டத்துக்கான 'டி'யிலேயே இருந்திருக்கிறது. ட்ரெய்லரின் சக்கரத்துக்குள் டோர்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். டிரம்மும் இல்லை, டிஸ்க்கும் இல்லை, வெறும் அச்சு; ட்ரெய்லருக்கென்று பிரேக்கே இல்லை.

வாடகைக்குக் கொடுத்தவர், "இந்தக் கெப் 3,500 கிலோ இழுக்கும், யோசிக்காமல் போங்கள்" என்று சொல்லியனுப்பினாராம். அந்த வாக்கியத்தை எழுதிய தாளையும் இளைஞர் எனக்குக் காட்டினார்.

இந்த 3,500 கிலோ எங்கிருந்து வருகிறது என்பதை வாடகைக்கு விடுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நம் வீதிகளில் ஓடும் நடுத்தர டபுள் கெப் வாகனங்கள் பலவற்றின் கைநூலில் அந்த எண் உண்மையாகவே இருக்கிறது; ஆனால் அது தனக்கென பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு அதே கைநூல் பெரும்பாலும் 750 கிலோவைத்தான் அனுமதிக்கிறது. படுக்கை, தண்ணீர், அடுப்பு, பற்றரி, கூடாரம் எல்லாம் ஏறிய கேம்பர் 750 கிலோவுக்குள் அடங்குவது அரிது. அந்த 3,500 கூட முழுதாகக் கையில் கிடைப்பதில்லை. வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு வேறொரு எல்லை உண்டு. அது 6,000 கிலோ என்று வையுங்கள். கெப்பில் ஆட்களையும் சாமான்களையும் நிறைத்து அதுவே 3,000 கிலோ ஆகிவிட்டால், இழுக்க மிஞ்சுவது 3,000 மட்டும்தான்.

இழுப்பதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைய டேர்போ டீசல் எஞ்சின்கள் நானுஓயா ஏற்றத்தையும் கினிகத்தேனை ஏற்றத்தையும் முனகாமல் ஏறிவிடும். சாரதிக்கு அதனால் வரும் நம்பிக்கைதான் இறங்கும்போது ஆளை விழுத்துகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர். கம்பளை 500 மீற்றருக்குச் சற்று உள்ளே. கெப்பும் ட்ரெய்லரும் ஆட்களும் சேர்ந்து 3,700 கிலோ என்று எடுத்துக்கொண்டால், இந்த 1,400 மீற்றர் இறக்கத்தில் வெளிவரும் சக்தி, சுமார் 150 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்னும், ஒரு பங்கை எஞ்சின் தாங்கும், மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். ட்ரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் அதன் பங்கையும் கெப்பின் நான்கு சக்கரங்களே சுமக்க வேண்டும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவில், 1,500 கிலோ ட்ரெய்லர் 150 கிலோ விசையுடன் உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது; அது முடக்கில் களைத்துப்போவதில்லை.

அந்த இளைஞரின் பெடல் ஏன் இளகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழ் உண்டாகிறது. குமிழ் அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஆகவே கால் குமிழைத்தான் மிதிக்கிறது. ஆறியபின் பெடல் பழையபடி இறுகிவிடும் என்பதால், மறுநாள் காலையில் "ஒன்றும் இல்லை, சரியாகிவிட்டது" என்று புறப்பட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இளைஞரை நான் எண்ணெய் மாற்றாமல் விடவில்லை.

எங்கள் காலத்து லொறிச் சாரதிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில், இல்லையென்றால் அதற்கும் ஒன்று கீழே, இறங்கு. தானியங்கிக் கியர் வந்தும் அந்த வழக்கம் மாற வேண்டியதில்லை. நெம்பைக் கையால் கீழ்க் கியருக்குத் தள்ளும் வசதி புதிய கெப்புகளில் இருக்கிறது. அதை இறக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும், வேகம் பிடித்த பின்னர் அல்ல. பிரேக்கை நீளமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் இடம் பார்த்து ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். அவர் இந்த வீதியில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஓடுகிறவர்.

ட்ரெய்லருக்குப் பிரேக் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். எந்தப் பிரேக் என்பதைப் பொறுத்தது. ட்ரெய்லர் முன்னே தள்ளும்போது அந்தத் தள்ளலாலேயே பிடிக்கும் வகை ஒன்று உண்டு. மலிவானது, மின்சார இணைப்பு வேண்டாதது. சமவெளிக்கு அது நல்லது. நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் ஓயாமல் தள்ளுவதால் அந்தப் பிரேக்கும் ஓயாமல் பிடித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே வழியில் ஓரிரு இடங்களில் நிறுத்தி ஆறவிட்டே ஆக வேண்டும். பழைய வகைகளில் பின்னுக்கு எடுக்கும்போது பிரேக் பிடிக்காமலிருக்க ஓர் ஊசி போட வேண்டும். ஒடுக்கமான இடத்தில் பின்னுக்கு எடுத்துத் திருப்பிவிட்டு, அந்த ஊசியைக் கழற்ற மறந்து இறங்கினால் பிரேக் இருந்தும் இல்லாததுதான். சாரதிக்கு அருகே கட்டுப்பாட்டுக் கருவியுடன் வரும் மின்சாரப் பிரேக்கையே மலைக்கு நான் சிபாரிசு செய்வேன். ட்ரெய்லர் பாம்பு போல் ஆடத் தொடங்கினால், எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் அந்தக் கருவியில் கையால் இயக்கி அதை நேராக்க அதில் வழியுண்டு.

ஆட்டம் பெரும்பாலும் ஏற்றிய விதத்தில் வருகிறது. அந்த ஏப்ரல் மாலையில் வந்த ட்ரெய்லரின் பின்பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி நிறைய இருந்தது, அதற்கும் பின்னால் இரண்டு சைக்கிளும் ஒரு காஸ் சிலிண்டரும் கட்டப்பட்டிருந்தன. கெப்பிலிருந்து கழற்றிய முன் தண்டை நான் ஒரு கையால் தூக்கிவிட்டேன். அது அவ்வளவு இலேசாக இருந்ததே பிழை. ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கெப்பின் பின்னால் ட்ரெய்லரைக் கொளுவும் இரும்புக் குண்டின் மேல் இறங்க வேண்டும். இதை நிறுக்க வீட்டில் ஆள் நிறுக்கும் தராசே போதும்: ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மீதும் மறுமுனையைத் தராசின் மீதும் வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடியும் தராசிலிருந்து ஈரடியும் தள்ளி முன் தண்டை இறக்கினால், தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம்.

முன்னால் அதிகம் ஏற்றினால் நல்லதுதானே என்று எண்ணிவிடவும் கூடாது. குண்டு பின் அச்சுக்கு ஒரு மீற்றருக்கு மேல் பின்னால் இருக்கிறது. அங்கே 150 கிலோ இறங்கினால் பின் அச்சில் 210 கிலோ அளவு கூடும், முன் சக்கரங்களிலிருந்து 60 கிலோ அளவு குறையும். ஈரமான முடக்கில் திரும்ப வேண்டியவை அந்த முன் சக்கரங்கள். பின்பக்கம் தாழ்கிறது என்று கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பிளேட் போட்டுத் தரச் சொல்லி என்னிடமே பலர் வருகிறார்கள். போட்டால் கெப் நிமிர்ந்து அழகாக நிற்கும், முன் சக்கரத்தில் குறைந்த எடை மட்டும் திரும்பி வராது. கைநூல் சொல்லும் எல்லையும் உயராது.

மற்றொன்று எனக்கு எல்லாவற்றிலும் கனமானது. முடக்கில் ட்ரெய்லரின் சக்கரம் கெப்பின் சக்கரம் போன தடத்தில் போகாது; உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு போகும். உங்களுக்கு அந்த உட்பக்கம் வெறும் காண். எங்களுக்கு அது நடைபாதை. கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் பெண்களும், பாடசாலை விட்டு மூன்று மூன்று பேராகக் கைகோத்து வரும் பிள்ளைகளும், வீதிக்கும் காணுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழத்தில்தான் நடக்கிறார்கள். கெப் தாண்டிவிட்டது என்று நினைத்து அவர்கள் மறுபடி வீதியில் கால் வைக்கும் அந்த நொடியில் உங்கள் ட்ரெய்லர் வருகிறது. ஆகவே முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, எதிரே எவரும் இல்லையென்று தெரிந்தபின் அகலமாக எடுங்கள். ட்ரெய்லரின் அகலம் தெரியும்படி நீட்டிய கண்ணாடி இல்லாமல் மலைக்கு வராதீர்கள்.

குறுக்கு வழிகளையும் தவிர்த்துவிடுங்கள். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ், வேன், ஓட்டோ மூன்றும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். இந்தப் பெரிய வீதியிலேயே, கெரண்டியெல்லவில், 2025 மே 11ஆம் திகதி பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். போன் காட்டும் வரைபடத்துக்குச் சரிவு தெரியாது, தூரம் மட்டும்தான் தெரியும்.

சிறிய விடயங்கள் சில. குண்டின் அளவும் அதைக் கவ்வும் மூடியின் அளவும் ஒன்றா என்று அதில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 50 மில்லிமீற்றரும் 2 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றல்ல. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். நான் பார்த்த ஒன்றில் சங்கிலிக்குப் பதிலாகக் கொடிக் கயிறும், பூட்டு ஊசிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியும் இருந்தன. ட்ரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்ற இடத்தில் வெயில் பட்டே கெடுகிறது. டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தில் 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

வாடகைக்கு விடும் நிறுவனத்தாரிடம் என் வேண்டுகோள் இதுதான். பிரேக் இல்லாத, 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லரை கம்பளைக்கு மேலேயும் கினிகத்தேனைக்கு மேலேயும் கொண்டுபோகக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தத் தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஏற்றிய நிலையில் அதன் எடை எத்தனை என்று நிறுத்து, அந்த எண்ணைக் கதவில் ஒட்டுங்கள். முதன்முறை எடுப்பவரைச் சாவியோடு அனுப்பிவிடாமல், ஓர் இறக்கத்தில் அரை மணித்தியாலம் உங்கள் சாரதியோடு ஓட்ட வையுங்கள். அந்த இளைஞருக்கு இந்த மூன்றில் ஒன்றையாவது யாரேனும் செய்திருந்தால், அவருடைய பிள்ளைகள் அன்றிரவு என் கடைப் பலகையில் படுத்திருக்க வேண்டியதில்லை.

தராசும் பலகையும் செங்கல்லும் என் கடையில் இருக்கின்றன. மேலே போகும்போது நிறுத்தினால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

இங்ஙனம்,
இறம்பொடையிலிருந்து ஒரு முன்னாள் லொறிச் சாரதி