பாப்பா, அந்தக் கார்டு சாகவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கேபிள் எதுவும் இல்லை, முன் வாசலில் உட்கார்ந்து வைஃபையிலேயே அனுப்பப்போகிறேன். போனில் சொன்னால் வேலைக்கு நடுவில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஆற அமரப் படி.

தீபாவளி லீவு மூன்று நாளில் ஒன்றரை நாளை நீ இதன் முன்னாலேயே கழித்தாய். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, இந்த மிஷினில் விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும் என்று நீ சொன்னது சரிதான். நீ போட்ட மின்ட் 22.2-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. படம் வந்தது, சத்தம் வந்தது, பிரிண்டர்கூட கேட்காமலே வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. ஈப்போவில் உன்னைப் பினாங்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது, "வைஃபை கார்டு செத்துப்போச்சுப்பா, லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுருங்க, வருஷக் கடைசியில புதுசு வாங்கித் தரேன்" என்றாய். முகம் வாடியிருந்தது. சுங்கை சிப்புட் வந்து சேரும் வரைக்கும் அந்த முகம்தான் கண்ணில் நின்றது.

கார்டு சாகவில்லை பாப்பா. நீ செய்த எதிலும் தப்பில்லை. கடைசி ஒரு படியில் நின்றுபோயிருந்தது, அதுவும் நீ பக்கத்தில் இல்லாதபோது நான் தட்டிய ஒரு கீயால்.

செம்பனை மில்லில் அத்தனை வருஷம் வயரிங் பார்த்தவன் நான். மோட்டார் சுற்றவில்லை என்றால் எடுத்தவுடனே மோட்டாரைக் கழற்ற மாட்டோம். டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு மெயின் சுவிட்சிலிருந்து ஒவ்வொரு இடமாகப் போவோம், கரண்ட் எது வரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது என்று. இதையும் அப்படித்தான் பார்த்தேன். முதலில், கட்டளை அடிக்கிற டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட். வைஃபை சுவிட்ச் எங்காவது அணைந்திருந்தால் அது சொல்லிவிடும், எதிலும் பிளாக் இல்லை. அடுத்தது எல்எஸ்பிசிஐ, பின்னால் ஒரு கோடு போட்டு என்என்கே. மிஷினுக்குள் என்னென்ன கார்டு இருக்கிறது, ஒவ்வொன்றையும் எந்த டிரைவர், அதாவது எந்த மென்பொருள், ஓட்டுகிறது என்று அது காட்டும். நம் கார்டு அதில் இருந்தது: பிராட்காம் பிசிஎம்43142, அடையாள எண் 14ஈ4:4365. செத்த கார்டாக இருந்தால் பெரும்பாலும் இந்த வரியே வராது. அப்போதே எனக்குப் பாதி நிம்மதி.

அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராட்காம் என்ற பேரை மட்டும் பார்த்துவிட்டு பி43 டிரைவரைப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன, அது பழைய சிப்புகளுக்கு உள்ளது, 43142-க்கு ஆகாது. இதற்கு வேண்டியது டபிள்யூஎல் என்ற டிரைவர், அது லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, தனியாகப் போட வேண்டும். நீ என் கைப்பேசியைக் கேபிளில் மாட்டி, யூஎஸ்பி டெதரிங் திறந்து, அந்த நெட்டில் இறக்கிப் போட்டாயே, அதேதான். இன்டர்நெட் வருவதற்கே இன்டர்நெட் வேண்டும் என்ற இடத்தில் பலபேர் நின்றுவிடுவார்கள், உனக்கு அந்த வழி உடனே தோன்றியது.

ஆனால் எல்எஸ்பிசிஐ காட்டிய அந்த நாலு வரியில் ஒரு வரி குறைந்தது. டபிள்யூஎல் இருக்கிறது என்று ஒரு வரி சொல்கிறது, இப்போது ஓடுகிற டிரைவர் இது என்று சொல்லும் வரியைக் காணோம். அதாவது டிரைவர் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. கையால் தள்ளிப் பார்ப்போம் என்று சூடோ மோட்ப்ரோப் டபிள்யூஎல் அடித்தேன். கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ் என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்தச் சாவி, யார் வேண்டாம் என்றது? ராத்திரி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், வெளியே நல்ல மழை, இடி இடித்ததால் மோடம் பிளக்கையும் பிடுங்கிவிட்டோம், அம்மா வேறு விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு டிரைவர் ஏறும்போது செக்யூர் பூட் என்று ஏதோ வந்து பாஸ்வேர்ட் கேட்டது, நீ அடித்தாய். "அப்பா, ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்தவர்களுக்குப் பலகாரம் எடுத்துக்கொடுக்கப் போய்விட்டாய். மறுபடி எழுந்தபோது திரை முழுக்க நீலம், நடுவில் வெள்ளை எழுத்தில் பத்து விநாடி எண்ணிக்கொண்டிருந்தது. நான் ஒரு கீயைத் தட்டினேன், நாலைந்து வரி வந்தது, முதல் வரியில் கன்டினியூ பூட். ஏதாவது கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் அதையே அழுத்திவிட்டேன். மின்ட் நல்லபடியாக வந்தது. உன்னிடம் சொல்லவும் தோன்றவில்லை. அந்த நீலத் திரை ஒரு தடவைதான் வரும், விட்டுவிட்டால் தானாகத் திரும்பி வராது. அதனால் நீ அதைப் பார்க்கவே இல்லை.

விஷயம் இதுதான். மில் கேட்டில் காவல் நிற்கிற ஜாகாவின் புத்தகத்தில் நம்பர் இல்லாத லாரி, எவ்வளவு நல்ல செம்பனைக் குலை ஏற்றி வந்தாலும் உள்ளே போக முடியாது. செக்யூர் பூட்டும் அப்படித்தான், தனக்குத் தெரிந்த சாவியால் கையெழுத்துப் போட்ட டிரைவரை மட்டும் விடும். மின்ட்டின் கெர்னலுக்கு அந்தக் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. டபிள்யூஎல் அப்படியில்லை, அது நம் மிஷினிலேயே தயாராகி, நம் மிஷினே உண்டாக்கிய சாவியால் கையெழுத்தாகிறது, அந்தச் சாவியைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதுகிற இடம்தான் அந்த நீலத் திரை. வைரஸ் எதுவும் திருட்டுத்தனமாக எழுதிவிடக்கூடாது என்றுதான் மிஷின் முன்னால் ஆளே உட்கார்ந்து செய்யும்படி வைத்திருக்கிறார்கள். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் சொல்கிறார்கள். ஒரு லாரிக்காக ஜாகாவையே வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அது, எனக்கு மனசு ஒப்பவில்லை.

காலையில் மழை விட்டதும் சூடோ போட்டு அப்டேட் செக்யூர்பூட் பாலிசி, கூட என்ரோல் கீ என்று அடித்தேன் (இடையில் வரும் கோடுகளையெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், படம் பிடித்து அனுப்புகிறேன்). புது பாஸ்வேர்ட் கேட்டது, எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. ரீஸ்டார்ட். நீலத் திரை வந்தது. இந்தத் தடவை பயப்படாமல் என்ரோல் மோக் (சாவியைப் பதிவு செய்கிற வரி), கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்ட், ரீபூட். மின்ட் எழுந்து, கீழே வலது ஓரத்தில் அந்தச் சின்ன விசிறி மாதிரி அடையாளம் ஒரு நிமிஷம் சும்மா இருந்தது, அப்புறம் ஒவ்வொரு பேராக வர ஆரம்பித்தது, முதலில் பக்கத்து வீட்டு அக்காவுடையது, அடுத்தது எதிர் வரிசைக் கோப்பிக்கடை, மூன்றாவதாக நம் வீடு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத்தானா ரெண்டு நாளாத் தூங்கல" என்றாள், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நம் மோடத்தின் இரண்டு பேரில் 5ஜி என்று முடிவது (5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை) மட்டும் இதில் தெரியாது. அது பழுதில்லை, இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் தெரியும். எங்களுக்கு அது போதும்.

இன்னொன்று. கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் இந்த டிரைவர் புதுசாகத் தயாராக வேண்டும், எப்போதாவது அது நடக்காமல் போகலாம். அதனால் அப்டேட் முடிந்ததும் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடித்து, டிரைவர் தயாராகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ரீஸ்டார்ட் பண்ணுகிறேன், பழைய கெர்னல் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். வைஃபைக்கு வெளியே மாட்டுகிற யூஎஸ்பி டாங்கிள் ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் பண்ணிவிடு. அதிலும் பெட்டி மேலே உள்ள பேரைப் பார்த்து வாங்க முடியாது, ஒரே மாடலில் ஒரு தடவை ஒரு சிப், இன்னொரு தடவை வேறு சிப் வைத்து விற்கிறார்கள், உள்ளே எந்தச் சிப் என்று தெரிந்தால்தான் லினக்ஸில் ஓடுமா என்று சொல்ல முடியும். புது லேப்டாப்புக்கு எடுத்து வைத்த காசை உன் வாடகைக்கு வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் போடு. போனுக்கு வேண்டாம், லேப்டாப்புக்குப் போடு. பெரிய திரையில் உன்னைப் பார்க்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்