கிளுவை வேலியை வெட்டச் சொல்லாதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். மயிலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் சுழி நன்றாக விழுந்திருக்கிறது. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

மேற்குப் பக்கத்துக் கிளுவை முள்மர வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட நீ அனுப்பிய பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது. கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிற ஆளை உங்கப்பா வரச்சொல்லியிருந்தார். காப்பி கொடுத்து நான்தான் திருப்பி அனுப்பினேன். மாடு கட்டுகிற கட்டுத்தரையில் பாம்பு போன வீடியோவைப் பார்த்ததிலிருந்து மருமகளுக்குத் தூக்கமே இல்லை என்றாய். மூன்று வயசுப் பிள்ளையை வைத்திருப்பவள், பயப்படத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாம்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லையே சாமி.

வடக்குப் பக்கமிருந்து வந்தது. இரண்டு வருசம் முன்னால் ஜேசிபி விட்டுக் கிளுவையைப் பிடுங்கிக் கம்பி போட்டோமே, அந்தப் பக்கம்.

வேலியடியில் அத்தனை வருசமாக எலி வளை இருந்தது. அதைத் தின்னச் சாரை இருந்தது, கீரி இருந்தது. சாயங்காலம் பால் பீச்சப் போகும்போது கீரி குட்டிகளோடு வரிசையாகத் தடத்தைத் தாண்டும், நீயே பார்த்திருக்கிறாய். வேலியைப் பிடுங்கியதும் எலிக்கு இடமில்லை. நேரே நம் சோளத்தட்டுப் போருக்குக் குடி வந்துவிட்டது. பக்கத்திலேயே புண்ணாக்கு மூட்டையும் பருத்திக்கொட்டையும். அப்புறம் என்ன, எலி போன வழியிலேயே சாரையும் வந்தது. நான் பால் செம்போடு அசையாமல் நின்றேன். ஆறடி இருக்கும். என்னைத் திரும்பியும் பார்க்காமல் சுவரோரமாகப் போய்ப் போருக்கடியில் நுழைந்தது. சாரைக்கு விஷம் கிடையாது. கீரிகள் எங்கே போயின என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை, அதுதான் என் மனசை அறுக்கிறது.

விஷப்பாம்பே இங்கே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நாகம் உண்டு, கண்ணாடி விரியன் உண்டு, சுருட்டை உண்டு, கட்டுவிரியன் உண்டு. இதில் கட்டுவிரியனுக்குத்தான் நான் பயப்படுவேன். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல சமயம் கடித்த வலிகூடத் தெரியாது. கம்பி வேலி போட்டால் அது நின்றுவிடுமா? அதனால் வீட்டில் யாரும் தரையில் படுப்பதில்லை. கட்டில், கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிடுவது. ராத்திரி வெளியே கால் வைத்தால் கையில் டார்ச். ஒருவேளை கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கிடையாது. 108க்குப் போன் போட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கே இலவசமாகப் போடுகிறார்கள். இதை மருமகளிடம் அப்படியே வாசித்துக் காட்டு.

உன் பணத்தில் கொஞ்சம் எடுத்துத் தீவனம் போட்டு வைக்க மூடியுள்ள இரும்பு டிரம் இரண்டு வாங்கலாமா? கட்டுத்தரைக்கு வெளியே ஒரு லைட்டும் வேண்டும். தட்டுப் போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். எலி வராமல் பண்ணினால் பாம்பு வருவதும் குறையும்.

கிளுவையைப் பற்றி உனக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை, அது எங்கள் தப்பு. நம்முடையது மழை மறைவுப் பூமி. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை என்போம். இந்தச் சரளை மண்ணில் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல் நிற்கிற வேலி கிளுவை ஒன்றுதான். கோடையில் இலை உதிர்ந்து மொட்டைக் குச்சியாக நிற்கும். ஒரு மழை பெய்தால் பத்து நாளில் தளிர்த்துவிடும். உங்க அப்பாரு, அதுதான் உன் தாத்தா, இளவட்டமாக இருந்தபோது கையால் நட்ட போத்துகள், கிளைக்குச்சிகள், வளர்ந்தவை இவை. கொரங்காடு என்றால் வெறும் மேய்ச்சல் காடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், மூன்றும் சேர்ந்தால்தான் கொரங்காடு. வெள்வேலின் நிழல் அடர்த்தியாக விழாது, அதனால் அடியிலும் புல் வரும். அதன் காயை ஆடு தின்று புழுக்கை போட்ட இடத்தில் புதுக்கன்று முளைக்கும். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்ததுதானே.

நம் கிழக்கு வேலியில் கைநீட்டும் தூரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று போன வாரம் நின்று பார்த்தேன். கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, குன்றிமணி. கோவைப்பழத்தைக் கொண்டைக்குருவி கொத்திக்கொண்டிருந்தது. கொடிக்குள் ஒரு பச்சோந்தி. ஒரு கண் என்னைப் பார்க்கிறது, இன்னொரு கண் பின்னால் வெட்டுக்கிளியைப் பார்க்கிறது. ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, அப்புறம்தான் அடுத்த குச்சியில் வைக்கிறது. நாக்கை நீட்டியது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, வெட்டுக்கிளி மட்டும் காணவில்லை. தோசைமாவு அரைக்கப் போக வேண்டியவள் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ எடுக்கச் சொன்ன மேற்கு வேலி கிணற்றை ஒட்டிப் போகிறது. கிணற்றுக்குள் சாய்ந்திருக்கும் வெள்வேல மரமும் அதோடு போய்விடும். அதில் இந்த வருசம் தூக்கணாங்குருவிக் கூடு பதினேழு. கூடு கட்டுவது ஆண்குருவிதான். சோளத்தோகையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டிப் பிடித்துக்கொண்டு பறக்கும், நார் கிழிந்து நீளமாக வந்துவிடும். பாதிக் கூடு ஆனதும் உள்ளே ஈரமண்ணை அப்பும். அப்புறம் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே போய் இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். அப்படி அரைகுறையாக விட்ட கூடும் நாலைந்து தொங்குகிறது. ஐந்தாவது படிக்கும்போது அதில் ஒன்றை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாயே, நினைவிருக்கிறதா?

வேலி இருந்தால் மயில் அடையும் என்பது உங்கப்பாவின் வழக்கு. மயிலால் நஷ்டம் என்பது நிஜம். வித்துப்போட்ட கடலையை வரிசை பிடித்துத் தோண்டிவிடுகிறது, தக்காளியைக் கொத்திக் கொத்திப் போடுகிறது. வயிறு எரிகிறது. ஆனால் நான் கல்யாணமாகி வந்தபோது இந்தப் பக்கம் மயிலே கிடையாது, கிளுவை வேலி மட்டும் இப்போதைவிட நான்கு மடங்கு இருந்தது. அப்போது ராத்திரியானால் நரி ஊளையிடும், மயில் முட்டையை விட்டுவைக்காது. நரி போயிற்று, தரிசெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிற்று, அதற்குள் மயில் பெருகிற்று. கம்பி வேலியை அது ஒரு தாவில் தாண்டிவிடும். விஷம் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். முருகன் வாகனம் என்பது ஒருபக்கம், 1972ஆம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது ஜெயிலில் தள்ளுகிற குற்றம். நான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். விதைத்த பத்து நாள் காலையிலும் சாயங்காலமும் காட்டில் நின்று ஓட்டினால் போதும், முளைத்துவிடும். அதை நான் செய்கிறேன்.

வடக்குப் பக்கத்துக்கு ஒரு வேலை பண்ணியிருக்கிறேன். ஆவணியில் கிழக்கு வேலியிலிருந்து கை நீளத்துக்குப் போத்து வெட்டி, கம்பியை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாக இருநூறு நட்டேன். முப்பது போலக் காய்ந்துவிட்டது. மற்றதெல்லாம் இந்த ஐப்பசி மழையில் தளிர்த்து நிற்கிறது. இலையைக் கசக்கினால் அதே பழைய வாசம். உங்கப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆடு கடிக்காமல் அவரே முள் வெட்டிப்போட்டு அடைத்திருக்கிறார்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையிலேயே வந்துவிடுங்கள். வாசலில் செருகுகிற காப்புக் கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் இப்போதெல்லாம் சந்தையில் காசுக்கு விற்கிறது, நமக்கு அந்த வேலையில்லை. கிழக்கு வேலியோரம் பூளை இப்போதே தலைகாட்டிவிட்டது. பிள்ளைக்குக் கணுக்கால் மூடுகிற மாதிரி ஒரு ஷூ வாங்கிக்கொண்டு வா. பறிக்க அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

அன்புடன்,
அம்மா