20 கிராம் நீர்

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாகப் பார்த்தேன். ஒரு மூடிய கலத்தில் 10 கிராம் ஹைட்ரஜன் வாயுவையும் 10 கிராம் ஆக்சிஜன் வாயுவையும் வினைபுரியச் செய்தால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும் என்பது கேள்வி. நீ 20 கிராம் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்திருக்கிறாய். புத்தகத்தின் பின்பக்கத்தில் 11.26 கிராம் என்று விடை இருக்கிறது, மீதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, மோல் என்ற சொல் வந்தாலே கை நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, பள்ளியோடு விட்டுப்போன வேதியியலை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நீ மறுபடி கையில் எடுத்திருப்பது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்று சொல்லி முடியாது. தொலைபேசியில் சொன்னால் எண்கள் காதோடு போய்விடும் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னுடைய 20 வெறும் தவறு அன்று. நிறை மாறா விதியை நீ சரியாகவே பிடித்திருக்கிறாய். வினை முடிந்தபின் கலத்துக்குள் இருப்பவை எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 20 கிராம்தான் இருக்கும். தராசு காட்டும் அளவுக்கு எதுவும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆனால் அந்த 20 கிராமும் நீர் அன்று. அதில் 11.26 கிராம் நீர், மீதமுள்ள 8.74 கிராம், சேருவதற்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அப்படியே நின்றுவிட்ட ஹைட்ரஜன். இரண்டு வாயுக்களும் கிராமுக்குக் கிராம் சரிக்குச் சரியாகச் சேரும் என்று நீ உன்னை அறியாமலே எடுத்துக்கொண்டாய். கணக்கு வழுக்கியது அந்த ஓரிடத்தில்தான்.

அணுக்களுக்குக் கிராம் தெரியாது. அவை எண்ணிக்கை பார்த்துச் சேர்பவை. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டாகின்றன என்பதைத்தான் நீ சமன்செய்து எழுதிய சமன்பாடு சொல்கிறது. (இரண்டும் ஒன்றும் சேர்ந்து எப்படி இரண்டாகும் என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாயே, அது நல்ல கேள்வி. மூலக்கூறுகள் பிரிந்து வேறு விதமாகக் கட்டப்படுகின்றன. அதனால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறலாம். இருபுறமும் அணுக்களை எண்ணிப் பார்: நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்.) இப்போது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூற்றைப்போல ஏறத்தாழ 16 மடங்கு கனமானது. ஆகவே இரண்டிலும் 10 கிராம் எடுத்தால், ஆக்சிஜன் மூலக்கூறுகளைப்போல ஏறத்தாழ 16 மடங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வந்துவிடுகின்றன. தேவையோ இரண்டு மடங்கு மட்டும். ஆக்சிஜன் முதலில் தீர்ந்துபோகும் என்பது எந்தச் சூத்திரமும் இல்லாமலே தெரிந்துவிட்டது, பார்த்தாயா?

அப்படியானால் மோல் எதற்கு? சேர்வது எண்ணிக்கையில், ஆனால் நம் கையில் இருப்பது தராசு. ஒரு சிட்டிகை அளவு பொருளில் இருக்கும் மூலக்கூறுகளைக்கூட ஒருவராலும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நிறுத்துத்தான் எண்ண வேண்டும். ஒரு திருகாணி 3 கிராம், அதற்குரிய மரை 1 கிராம் என்று வைத்துக்கொள். 3 கிலோ திருகாணிகளையும் 1 கிலோ மரைகளையும் நிறுத்து வைத்தால், எத்தனை என்று தெரியாவிட்டாலும் இரண்டும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன என்று துணிந்து சொல்லிவிடலாம். ஒரு துண்டுக்கும் மற்றொரு துண்டுக்கும் உள்ள நிறை விகிதம் தெரிந்தால் போதும். அணு நிறை அட்டவணை தருவது அந்த விகிதத்தைத்தான்.

12 கொண்டது ஒரு டஜன், 6.022 × 10²³ கொண்டது ஒரு மோல் என்று எல்லாப் புத்தகங்களும் தொடங்குகின்றன. அது சரிதான், ஆனால் பாதிதான் சரி என்பது என் எண்ணம். ஏன் இப்படி ஒரு விந்தையான எண் என்பதற்கு அந்த உவமையில் விடை இல்லை. விடை இல்லாததால்தான் அந்த எண் உன்னை அச்சுறுத்துகிறது. ஒரு தாளை எடுத்து இதைச் செய்து பார். அணுக்களை நிறுப்பதற்கு அணு நிறை அலகு என்ற ஒன்று இருக்கிறது. கார்பன்-12 என்ற கார்பன் அணு வகையில் ஓர் அணுவின் நிறையில் 12-இல் ஒரு பங்கு அது. கிராமில் சொன்னால் 1.66054 × 10⁻²⁴. சரி, 1 கிராமுக்குள் இந்த அலகுகள் எத்தனை அடங்கும்? 1-ஐ 1.66054 × 10⁻²⁴ ஆல் வகு. 6.022 × 10²³ வருகிறது. அவகாட்ரோ எண் என்பது அணுவின் அலகுக்கும் கிராமுக்கும் நடுவே உள்ள மாற்று விகிதம், அவ்வளவே. ஒரு கார்பன்-12 அணு 12 அலகு என்றால், அதில் 6.022 × 10²³ அணுக்கள் 12 கிராம். ஒரு நீர் மூலக்கூறு சராசரியாக 18.015 அலகு என்றால், அதே எண்ணிக்கை நீர் மூலக்கூறுகள் 18.015 கிராம். அட்டவணையில் இருக்கும் எண்ணை மாற்றாமல், பக்கத்தில் மோலுக்கு இத்தனை கிராம் என்று எழுதிக்கொள்ளலாம். அதற்குத்தான் மோலார் நிறை என்று பெயர். இந்த வசதிக்காகவே அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது, வானத்திலிருந்து விழுந்ததன்று.

முன்பு, 12 கிராம் கார்பன்-12 இல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அதுவே ஒரு மோல் என்று வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் அதைத் திருப்பி வைத்து, 6.02214076 × 10²³ என்ற எண்ணையே நிலையாக நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்த எண்ணை மிகத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஏறத்தாழ முழுவதும் சிலிக்கான்-28 என்ற ஒரே ஐசோடோப்பால் (ஒரே தனிமத்தில் நிறையால் வேறுபடும் அணு வகைகளுள் ஒன்று) ஆன படிகத்தை, ஏறக்குறைய 1 கிலோ நிறையுள்ள பளபளப்பான கோளமாகக் கடைந்தார்கள். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் எட்டு அணுக்கள். கட்டத்தின் அளவை எக்ஸ் கதிர்களாலும், கோளத்தின் பருமனை ஒளியாலும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, எட்டால் பெருக்கி, கோளத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கண்டார்கள். எண்ணவே முடியாதது என்று நான் மேலே எழுதியதை, அடுக்கின் ஒழுங்கை வைத்து எண்ணிவிட்டார்கள்.

இனி உன் கணக்குக்கு வருவோம். ஹைட்ரஜன் மூலக்கூற்றின் மோலார் நிறை மோலுக்கு 2.016 கிராம், 10 கிராமில் 4.96 மோல். ஆக்சிஜன் மூலக்கூற்றுக்கு மோலுக்கு 31.998 கிராம், 10 கிராமில் 0.3125 மோல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் என்பதால், செலவாகும் ஹைட்ரஜன் 0.625 மோல், அதாவது 1.26 கிராம் மட்டும். உண்டாகும் நீரும் 0.625 மோல், அதை 18.015 ஆல் பெருக்கினால் 11.26 கிராம். மீந்த ஹைட்ரஜன் 10-இலிருந்து 1.26 போக 8.74 கிராம். 11.26-ஐயும் 8.74-ஐயும் கூட்டு. நீ கோடிட்ட 20 வந்துவிட்டது.

நிறை, மோல், மோலார் நிறை மூன்றையும் ஒரு முக்கோணத்தில் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்துச் சூத்திரம் காணும் பழக்கம் உன் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கிழித்துவிடு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பி நிற்காதே. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகை முழுமையாக எழுது: கிராம், மோல், மோலுக்குக் கிராம். கிராமை, மோலுக்குக் கிராமால் வகுத்தால் மோல்தான் மிஞ்சும். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால் அலகே உன்னைத் தடுத்து நிறுத்தும்.

இதில் குழம்பியவள் நீ ஒருத்தி மட்டும் என்று நினைத்துவிடாதே. ஹைட்ரஜன் 1 கிராமுக்கு ஆக்சிஜன் ஏறத்தாழ 8 கிராம் என்ற விகிதத்தில் நீரில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று சேர்கின்றன என்று கொண்டால் ஆக்சிஜன் அணு 8 மடங்கு கனம். இரண்டுக்கு ஒன்று என்று கொண்டால் 16 மடங்கு. தராசு மட்டும் இதைத் தீர்த்து வைக்காது. அணுக் கொள்கையை முன்வைத்த ஜான் டால்டன் முதல் வழியைக் கொண்டார். எளிமையானதைத் தேர்ந்தார், தவறிவிட்டது. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ எழுதினார். பருமனில் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து நீராகின்றன என்ற அளவீடு அப்போதே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆயினும் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அவர் 1856-இல் மறைந்தார். 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அந்தக் கருத்தை எடுத்து வாதாடிய பிறகுதான் அணு நிறைகள் ஒழுங்குபடத் தொடங்கின. கூட்டத்தில் இருந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் தனிம அட்டவணையை வகுத்த மெண்டெலீவ். ஒரு மோலில் உள்ள அந்த எண்ணிக்கைக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரன்; ஆண்டு 1909. அவகாட்ரோவுக்கு அந்த எண் தெரியவே தெரியாது.

உன் மற்ற இரண்டு ஐயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளோரினுக்கு 35.45 என்று போட்டிருக்கிறது, அப்படி ஓர் அணு இருக்கிறதா என்றால், இல்லை. ஏறத்தாழ 35 அலகு நிறையுள்ளவை நான்கில் மூன்று பங்கும் 37 அலகு நிறையுள்ளவை நான்கில் ஒரு பங்கும் கலந்ததன் சராசரி அது. நாம் கையாளுவது கோடானுகோடி அணுக்களை என்பதால் சராசரியே போதும். அடுத்து, ஒரு மோல் ஆக்சிஜன் 16 கிராமா, 32 கிராமா என்றால், எதை எண்ணுகிறாய் என்று சொல்லாதவரை அதற்கு விடை கிடையாது. அணுவை எண்ணினால் 16, மூலக்கூற்றை எண்ணினால் 32. மோல் என்று எழுதும்போதெல்லாம் எதன் மோல் என்பதையும் எழுது.

எதன் மோல் என்று கேளாமல் நானே ஒருமுறை தவறினேன். ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லிட்டருக்கு 0.1 மோல் தாமிர சல்பேட் உள்ள கரைசல் ஒரு லிட்டர் வேண்டும் என்றார்கள். தாமிரம், கந்தகம், நான்கு ஆக்சிஜன் என்று கூட்டி, மோலுக்கு 159.61 கிராம் என்று கண்டு, 15.96 கிராமைத் தராசில் மிகக் கவனமாக நிறுத்தேன். கடைசித் துகளைக் கரண்டியின் நுனியால் தட்டிப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் குப்பியில் இருந்தது நீலப் படிகம். அந்த நீலத்துக்குள் ஒவ்வொரு தாமிர சல்பேட்டுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் அடங்கியிருக்கின்றன. அதன் மோலார் நிறை 249.68. நான் போட்டது 0.1 மோல் அன்று, 0.064 மோல். அன்று முழுவதும் அந்தக் கரைசலை வைத்து எடுத்த அளவுகள் அத்தனையும் வீணாயின. தராசு சரி, கை சரி, கூட்டலும் சரி. குப்பியின் சீட்டை முழுமையாகப் படிக்காததுதான் பிழை. மோலார் நிறை என்பது புத்தகத்திலுள்ள பெயருக்கு உரியதன்று, கையிலிருக்கும் பொருளுக்கு உரியது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த நாளில்.

மேலே உள்ள அதே இரண்டு எண்களை வைத்து உனக்கு ஒரு கணக்குத் தருகிறேன். நீலப் படிகம் 5.00 கிராமைப் புடக்குகையில் (சூட்டைத் தாங்கும் சிறு கிண்ணத்தில்) இட்டு, அதிலுள்ள நீர் முழுவதும் வெளியேறி நீலம் வெண்மையாகும்வரை மெதுவாகச் சூடாக்கினால், ஆறியபின் தராசு எத்தனை கிராம் காட்டும்? வெளியேறிய நீர் எத்தனை மோல்? அந்த மோலை மீந்த வெள்ளைப் பொடியின் மோலால் வகுத்தால் என்ன எண் வர வேண்டும் என்பதைக் கணக்குப் போடுவதற்கு முன்பே ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்கு. அலகுகளோடு எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. எந்த நேரமானாலும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா