காற்றைத் தின்று வளரும் சுருள்பாசி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விவசாயப் பக்கத்தில், "நுண்பாசிகள் தமக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, உரச் செலவே கிடையாது" என்று ஒரு வரி. எழுதியவருக்குச் செலவில்லைதான். வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்ப்பவள் நான். வாடிக்கையாகப் பொடி வாங்கும் அம்மா போன் போட்டு, "பத்திரிகையிலயே தேவையில்லைன்னு போட்டிருக்காங்க, நீங்க எதுக்கு நைட்ரேட்டைக் கொட்டுறீங்க?" என்று கேட்டார். பாலில் தண்ணீர் ஊற்றிப் பிடிபட்டவள்போல நிற்க வேண்டியதாயிற்று.

சுருள்பாசி வளர்க்கத் தண்ணீரில் கலக்கும் சாரூக் கலவையில் லிட்டருக்கு 2.5 கிராம் சோடியம் நைட்ரேட் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருமுறை கடைக்காரர் சரக்கு அனுப்பத் தாமதமானது. கரும்பச்சையாக இருந்த தொட்டி வெளிறி, மஞ்சள் தட்டி, துணியில் வடித்தால் கைப்பிடி விழுதுகூடத் தேறவில்லை. பாசிக்கு நீலம் தருவது ஒரு புரதம். நைட்ரஜன் கிடைக்காவிட்டால் அது முதலில் அந்தப் புரதத்தைத்தான் கரைத்துத் தின்னும். தொட்டிக்கு மேலே காற்று அப்போதும் இருந்தது, 78 சதவீதம் நைட்ரஜனோடு.

காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி, பூமியில் ஆக்சிஜன் இல்லாத காலத்துச் சரக்கு. ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாசியோ வெயில் பட்டால் ஆக்சிஜன் விடும். அதனால்தான் நீரில் மிதக்கும் அசோலாச் செடியின் இலைக்குள் இருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி, இதற்கென்றே தடித்த சுவருள்ள தனி செல்களை வைத்துக்கொள்கிறது. வேறு சில, இரவில் மட்டும் அந்த வேலையைப் பார்க்கின்றன. சுருள்பாசியும் நீலப்பச்சைப் பாசிதான், ஆனால் அதற்கு அந்த வித்தை கிடையாது. குளத்துப் பச்சைப் பாசிகளின் பச்சையமே, அவற்றின் முன்னோர் என்றோ விழுங்கிய நீலப்பச்சைப் பாசியிலிருந்து வந்த சொத்து. அந்தச் சொத்தோடு இந்த நொதி வரவில்லை. அவை நீரில் கரைந்த அம்மோனியத்தை முதலில் எடுக்கும், அது தீர்ந்தால்தான் பாடுபட்டு நைட்ரேட்டை அம்மோனியமாக்கும். யூரியா வழிந்த வாய்க்கால் பச்சையாவது வேறெதனால்?

விதிவிலக்கு உண்டு. கடலில் மிதக்கும் ஒரு பாசி, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே வாங்கிக்கொண்ட பாக்டீரியாவை நைட்ரஜன் பிடிக்கும் உறுப்பாகவே ஆக்கிவிட்டது. ஜப்பானின் கியோகோ ஹாகினோ அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்கவே பல ஆண்டுகள் பாடுபட்டார். முடிவு வெளியானது 2024-ல். இந்த ஒன்றை வைத்துத்தான் பாசி இனத்துக்கே உரத்தை நிறுத்தினீர்களோ!

இது புதிதல்ல. சுருள்பாசி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று போட்டீர்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மறுத்து எழுதினேன், வரவில்லை. அதற்கு முன் பிரசுரித்த கடிதத்தில் என் ஊரை வேறு மாவட்டத்தில் சேர்த்தீர்கள். விலை ஏறியது, விவசாயம் அரைப் பக்கமானது, மீதி அரைப் பக்கம் ராசிபலனுக்குப் போனது. ராசிபலனில் பிழை வந்தால் மட்டும் மறு இதழிலேயே வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போதும்: சுருள்பாசித் தொட்டிக்கு நைட்ரேட் போட்டே ஆக வேண்டும் என்று. பிரசுரமானால் ஒரு பிரதி கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன், அந்த அம்மாவுக்குக் கொடுக்க.

இப்படிக்கு,
சுருள்பாசி வளர்ப்பவள்,
சிவகங்கை மாவட்டம் (இம்முறையாவது சரியாகப் போடவும்)